காட்டுவழிச் சில்லும் நாட்டுச் சட்டமும்

வலிய சில்லுகளைக் கொண்ட தேராயினும் அது கடலிலே ஓடமாட்டாது. கடலிலே ஓடும் நாவாயும் தரையிலே ஓடமாட்டாது. இஃது இடனறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் எடுத்துக்காட்டிய உண்மை. அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் கூறப்பட்ட இவ்வுண்மை, இன்று ஊர்தி வைத்திருப்போர் யாவர்க்கும் பொருந்துவதாகும். சில்லின் வலிமை அதன் பருமனில் மட்டும் இல்லை. அஃது உருளும் இடத்துக்கு ஏற்றதாய் இருப்பதிலேயே அதன் வலிமை தங்கியுள்ளது.

ஆனால், இரண்டு இடங்களிலும் ஓடவேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் ஊர்தி ஒன்று உண்டு. அதுவே நான்கு சில்லுகளுக்கும் இயந்திரத்தின் வலுவைச் செலுத்தும் ஊர்தி. திங்கள் முதல் வெள்ளி வரை அது தார் வீதியிலே பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்கிறது. விடுமுறை வந்ததும் மணலிலும் சேற்றிலும் கூர்ங்கல்லிலும் இறங்கவேண்டியதாகிறது. இவ்விரு வேலைக்கும் ஒரே சில்லையும் டயரையும் எவ்வாறு தெரிவது? சட்டத்துக்கு உட்பட்டு எவ்வாறு தெரிவது? இக்கேள்வி கூர்மையாக எழும் நாடுகளில் அவுஸ்திரேலியா முதன்மையானது. ஆதலின் அந்நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

அவுஸ்திரேலியாவின் உள்நாடு எத்தகையது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாறி என்னும் ஊரையும் பேர்ட்ஸ்வில் என்னும் ஊரையும் இணைக்கும் பேர்ட்ஸ்வில் பாதை 500 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. அதற்கு மேற்கே விரிந்து கிடக்கும் சிம்சன் பாலைவனத்திலோ 1,100க்கும் அதிகமான மணற்குன்றுகள், கடல் அலைகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து நிற்கின்றன. 1962ஆம் ஆண்டில் றெக் ஸ்பிறிக் என்னும் நிலவியல் அறிஞர் தம் குடும்பத்தினருடன் நிசான் பற்றோல் ஊர்தியிலே அப்பாலைவனத்தைக் கடந்தார். மோட்டார் ஊர்தியால் அதனை முதன்முதல் கடந்தவர் அவரே. அன்று அருஞ்செயலாய் இருந்தது இன்று பலர் மேற்கொள்ளும் விடுமுறைப் பயணமாகிவிட்டது. இலங்கையிலிருந்து சென்று அங்கே குடியேறிய தமிழர்களிலும் இத்தகைய ஊர்தி ஓட்டுவோர் உளர்.

இப்பயணங்களுக்குப் புறப்படுவோர் முதலில் மாற்ற விரும்புவது சில்லையும் டயரையுமே. டயர் பெரிதானால் ஊர்தி உயரும். ஊர்தி உயர்ந்தால் கல்லும் கட்டையும் அடியில் முட்டா. அகன்ற சில்லு அழகாகவும் தோன்றும். விற்பனை நிலையத்தின் சுவரிலே தொங்கும் பெரிய கறுப்பு டயரைக் கண்டதும், அதுவே வீரத்தின் அடையாளம் என்று இளைஞர் கருதுவதில் வியப்பில்லை. சட்டம் குறுக்கே வந்து, இவ்வளவுதான் பெருக்கலாம் என்று சொல்லும்போது, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்போர் மண்ணில் இறங்கி அறியாமல் எழுதிய கட்டுப்பாடு என அவர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. இச்சலிப்பு நியாயமானதுதானா? விதிகளை ஒவ்வொன்றாய் எடுத்து, அவற்றின் உட்கிடக்கையை நோக்கினால் விடை தெளிவாகும்.

அவுஸ்திரேலியாவில் ஊர்திகளை மாற்றியமைப்பதற்கு வழிகாட்டியாக வி.எஸ்.பி. 14 என்னும் தேசிய நடைமுறைக் கோவை உண்டு. மாநிலங்கள் அதனைத் தத்தம் சிறு வேறுபாடுகளுடன் பின்பற்றுகின்றன. அதன்படி சாதாரணக் கார் ஒன்றின் டயரின் முழு விட்டத்தை, உற்பத்தியாளர் அவ்வகைக்குக் குறித்த மிகப்பெரிய டயரிலும் 15 மில்லிமீற்றர் வரையே கூட்டலாம். கரடுமுரடான தரைக்கென அமைந்த நான்கு சில்லு ஊர்திக்கோ 50 மில்லிமீற்றர் வரை இடந்தரப்பட்டுள்ளது. எனவே, மண்ணில் இறங்குவோரைச் சட்டம் மறந்துவிடவில்லை; மற்றையோர்க்குக் கொடுத்ததிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட சலுகையை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த 50 மில்லிமீற்றருக்குள் எத்துணை செய்யலாம் என்பதே அறிந்துகொள்ள வேண்டியது.

அதனை அறிவதற்கு டயரின் பக்கச்சுவரிலே பொறித்துள்ள எழுத்துகளை வாசிக்கப் பழகுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 265/65 ஆர் 17 என்று ஒரு டயரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டொயோட்டா பிராடோ 150 தொடரின் பல ஊர்திகள் இவ்வளவு டயருடனேயே விற்கப்பட்டன. முதல் எண்ணாகிய 265, டயரின் அகலம் 265 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். அடுத்த 65, பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்பதைக் குறிக்கும். ஆர் என்னும் எழுத்து டயரின் உள்ளே உள்ள இழைகள் ஆரைகளைப்போல் குறுக்காக அமைந்திருப்பதைக் காட்டும். இறுதியிலுள்ள 17, டயர் பொருந்தும் றிம்மின் விட்டத்தை அங்குலத்திலே கூறும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 265இல் நூற்றுக்கு 65 பங்கு ஏறத்தாழ 172 மில்லிமீற்றர். பக்கச்சுவர் மேலும் கீழுமாக இரண்டிடத்தில் வருவதால் அதனை இரட்டிக்க வேண்டும், அது 344.5 மில்லிமீற்றர். 17 அங்குலம் என்பது 431.8 மில்லிமீற்றர். இரண்டையும் கூட்டினால் முழு விட்டம் 776.3 மில்லிமீற்றர் ஆகும். இதுவே உற்பத்தியாளர் குறித்த மிகப்பெரிய அளவாயின், சட்டம் அனுமதிக்கும் உச்ச எல்லை 826.3 மில்லிமீற்றர்.

ஒரு குடும்பம் பாலைவனப் பயணத்துக்கு ஆயத்தமாகிறது என்று கொள்வோம். டயர்க் கடையில் அவர்களுக்கு மூன்று அளவுகள் காட்டப்படுகின்றன. முதலாவது 265/70 ஆர் 17. அதன் விட்டம் 802.8 மில்லிமீற்றர், கூடுதல் 26.5. இரண்டாவது 275/70 ஆர் 17. அதன் விட்டம் 816.8, கூடுதல் 40.5. மூன்றாவது 285/70 ஆர் 17. அதன் விட்டம் 830.8, கூடுதல் 54.5 மில்லிமீற்றர். முதலிரண்டும் விட்டத்தின் எல்லைக்கு உட்பட்டவை. மூன்றாவது நாலரை மில்லிமீற்றரால் எல்லையைக் கடந்துவிட்டது. நாலரை மில்லிமீற்றர் என்பது ஒரு நெல்மணியின் நீளத்துக்கும் குறைவு. இதற்காகவா ஒரு டயரைத் தள்ளிவிடுவது என்று குடும்பத்தின் மூத்த மகன் கேட்கலாம்.

அவனுக்கு விடை சொல்லுமுன், அந்தப் பெரிய டயரால் அவன் பெறப்போவது எவ்வளவு என்று கேட்டல் நன்று. விட்டம் 54.5 மில்லிமீற்றர் கூடினாலும் ஊர்தி உயர்வது அதன் பாதியளவே. நிலத்திலிருந்து அச்சின் நடுவுக்குள்ள தூரமே ஊர்தியின் உயர்வைத் தீர்மானிப்பது. ஆகவே மூன்றாவது டயர் ஊர்தியை 27 மில்லிமீற்றர் உயர்த்துகிறது. இரண்டாவது டயர் 20 மில்லிமீற்றர் உயர்த்துகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏழு மில்லிமீற்றர். அந்த ஏழு மில்லிமீற்றரால் கடக்கக்கூடிய கல் ஒன்று எங்கேனும் இருக்கலாம்; ஆனால் அதனைச் சுற்றிச் செல்லும் வழியும் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும்.

இனி, இழப்பது எவ்வளவு? பிறேக் கருவி பிடிப்பது அச்சின் அருகே. நிலம் ஊர்தியைத் தடுத்து நிறுத்துவது டயரின் விளிம்பிலே. விளிம்பு அச்சிலிருந்து விலக விலக, அதே பிடியால் கிடைக்கும் நிறுத்தும் விசை குறையும். விட்டம் நூற்றுக்கு ஐந்து கூடினால் அவ்விசை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறையும். இயந்திரம் சில்லை உருட்டும் விசையும் அவ்வாறே குறையும். செங்குத்தான மேட்டில் ஏறுவதற்கென்று பெரிய டயர் பூட்டியவர், அம்மேட்டில் ஏறவேண்டிய வலுவிலேயே ஒரு பங்கை இழந்துவிடுகிறார்.

வேகமானியின் கதையும் இத்தகையதே. சில்லு எத்தனை முறை சுற்றியது என்பதைக் கொண்டே அக்கருவி வேகத்தைக் கணிக்கிறது. சில்லு பெரிதானால் ஒரு சுற்றிலே ஊர்தி கூடுதலான தூரம் ஓடும். கருவி அதனை அறியாது. முன்பு ஊர்தி உண்மையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியபோது முள் எவ்விடத்தில் நின்றதோ, 275/70 டயர் பூட்டியபின் அதே இடத்தில் முள் நிற்கும்போது ஊர்தி 105 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே ஐந்து கிலோமீற்றர் கூடுதலால் அவ்வாற்றல் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடிவிடும். நிறுத்தும் விசை குறைகிறது. நிறுத்தவேண்டிய ஆற்றல் கூடுகிறது. பாதசாரிக் கடவையிலே கால்வைத்த குழந்தைக்கு இக்கணக்குத் தெரியாது. அக்குழந்தையின் சார்பிலே கணக்குப் பார்ப்பதற்காகவே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. எல்லைக்குட்பட்ட டயரைப் பூட்டியவரும் வேகமானியைச் சோதித்துத் திருத்திக்கொள்ளல் வேண்டும். மானி உண்மை வேகத்திலும் குறைத்துக் காட்டலாகாது.

அடுத்ததாகச் சில்லு எவ்வளவு வெளியே வரலாம் என்பதைப் பார்ப்போம். சில்லின் நடுக்கோட்டிலிருந்து அது அச்சுடன் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் கராஜ்களிலே ஒப்செற் என்பர். இவ்வெண் குறையக் குறையச் சில்லு வெளியே வரும். ஒரு சில்லின் ஒப்செற் 30 மில்லிமீற்றரிலிருந்து ஐந்தாகக் குறைந்தால், அது 25 மில்லிமீற்றர் வெளியே வந்துவிடும். இருபக்கமும் சேர்த்தால் சில்லுகளுக்கு இடையேயுள்ள அகலம் 50 மில்லிமீற்றர் கூடிவிடும். அவ்வகலத்தின் கூடுதலுக்கு விதி வைத்துள்ள எல்லை பொதுவாக 25 மில்லிமீற்றர். முன்னும் பின்னும் ஒரே தண்டாய் அமைந்த அச்சுகளையுடைய நான்கு சில்லு ஊர்திகளுக்கு மட்டுமே 50 மில்லிமீற்றர். சில்லுக்கும் அச்சு முகத்துக்கும் இடையே தனித் தட்டுகளைச் செருகி வெளியே தள்ளும் முறையோ, உற்பத்தியாளரே அவ்வாறு அமைத்தாலன்றி, ஏற்கப்படுவதில்லை.

இதற்கும் காரணம் உண்டு. நீண்ட கைப்பிடியுடைய கதவை இலேசாகத் திறக்கலாம் அன்றோ? அவ்வாறே, வெளியே தள்ளிய சில்லு தான் வாங்கும் ஒவ்வோர் அடியையும் பன்மடங்காக்கி, உள்ளேயுள்ள குண்டுப் போதிகைக்கும் ஆணிகளுக்கும் அனுப்புகிறது. நெளிவு நெளிவாய்க் கிடக்கும் சரளைப் பாதையில் ஒரு நாளில் இத்தகைய அடி ஆயிரக்கணக்கில் விழும். நகரத்திலிருந்து பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஆணி முறிந்தால், சில்லின் அழகு அங்கே துணைக்கு வராது.

டயர் மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருத்தலாகாது என்பதும் விதி. மட்காட்டுக்கு வெளியே வந்த டயர், தான் கவ்விய கல்லைப் பின்னால் வரும் காரின் கண்ணாடியை நோக்கி வீசும். மழையிலே சேற்று நீரைத் தூவிப் பின்னால் வருபவரின் பார்வையை மறைக்கும். வீதியிலே ஒருவருடைய சில்லு அவருடைய சொந்தப் பொருள் மாத்திரமன்று. அதன் விளைவைப் பிறரும் அனுபவிக்கின்றனர்.

மூன்றாவதாக எண்ணவேண்டியது பாரம். மயிலிறகு எவ்வளவு இலேசானது! அதனையும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பதை வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் காட்டியிருக்கிறார். நீண்ட பயணத்துக்குப் புறப்படும் ஊர்தியில் ஏற்றப்படுவது மயிலிறகன்று. 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோகிராம். மேலதிக எரிபொருள், கூடாரம், உணவு, கருவிகள், மேல்தட்டிலே இன்னொரு சில்லு, பின்னாலே இழுவை வண்டி என்று பாரம் வளர்கிறது. அதிற் பெரும்பங்கு பின் சில்லுகள் மேலேயே விழுகிறது.

டயரின் பக்கச்சுவரில் அளவை அடுத்து 112 எஸ் என்பதுபோல் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 112 என்பது 112 கிலோகிராம் அன்று. அது ஓர் அட்டவணை எண். அதன் பொருள் 1,120 கிலோகிராம். 116 எனில் 1,250. 121 எனில் 1,450. எஸ் என்னும் எழுத்து மணிக்கு 180 கிலோமீற்றர் வரை டயர் தாங்கும் என்பதைக் குறிக்கும். கியூ எனில் 160. என் எனில் 140. சேற்றுக்கென அமைந்த டயர்கள் பல கியூ என்னும் எழுத்துடனேயே வருகின்றன. ஊர்தியின் கதவோரத்திலே ஒட்டியிருக்கும் டயர் அறிவிப்புத் தகட்டில் உற்பத்தியாளர் குறித்துள்ள பாரத்துக்குக் குறைந்த டயரைப் பூட்டுதல் சட்டத்துக்கு மாறானது. புதிதாக வாங்கும் றிம்மும் அப்பாரத்தைத் தாங்கவல்லது என்பதற்குரிய குறி அதன்மேல் இருத்தல் வேண்டும். டயர் வலிது, றிம் மெலிது என்றால் அச்சேர்க்கையின் வலிமை மெலிந்ததன் வலிமையே.

றிம் இரும்பிலா, அலுமினியக் கலப்பிலா அமைதல் நன்று என்ற கேள்வியும் அடிக்கடி எழுவதாகும். இரும்பு றிம் பாரமானது. ஆயினும் கல்லில் அடிபட்டால் வளையும், வழியிலேயே சுத்தியலால் ஒருவாறு நிமிர்த்திக்கொள்ளலாம். கலப்புலோக றிம் பெரும்பாலும் இலேசானது. தார் வீதியிலே ஊர்தியை இனிதாக ஓடச்செய்யும். ஆனால் கடும் அடியில் வெடித்தால் வழியிலே செப்பஞ் செய்ய இயலாது. எதைத் தெரிந்தாலும் ஆணிகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், நடுத்துளையும், சுரையின் வடிவமும் ஊர்திக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். புதிய சில்லைப் பூட்டி ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியபின் சுரைகளை மறுபடியும் இறுக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இனி, டயரின் முகத்தைப் பார்ப்போம். நெருக்கமான வெட்டுகளையுடைய பெருந்தெரு டயர், இடைத்தரமான எல்லாத்தரை டயர், பெரிய கட்டிகளும் அகன்ற இடைவெளிகளும் கொண்ட சேற்று டயர் என இவை மூவகைப்படும். சேற்று டயரின் இடைவெளிகள் சேற்றைக் கவ்விப் பின் உதறிவிடுகின்றன. ஆனால் அதே இடைவெளிகளால், தார் வீதியைத் தொடும் இறப்பரின் பரப்புக் குறைந்துவிடுகிறது. மழை நனைத்த தெருவில் பிறேக் பிடிக்கும்போது இக்குறை வெளிப்படும். இரைச்சலும் எரிபொருட் செலவும் அதனோடு சேர்ந்து வருவன. ஆகவே சென்ற ஆண்டிலே தன் ஊர்தி ஓடிய தூரத்தில் எத்தனை பங்கு தாரிலே, எத்தனை பங்கு சரளையிலே, எத்தனை பங்கு சேற்றிலே என்று ஒருவர் உண்மையாகக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். ஆசைப்பட்ட வழியை விடுத்து, சென்ற வழியைக் கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிடுவோரிற் பெரும்பாலார்க்கு எல்லாத்தரை டயரே போதும்.

கூர்ங்கல் நிறைந்த பாதையில் அடிக்கடி செல்வோர் முகத்தைக் காட்டிலும் பக்கச்சுவரையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். முகத்திலே தைத்த முள்ளை எடுத்து அடைத்துவிடலாம். கிழிந்த பக்கச்சுவரைச் செப்பனிட இயலாது. இலேசு லொறிகளுக்கென அமைந்த எல்.ரி. என்னும் குறியுடைய டயர்கள் தடித்த பக்கச்சுவர் உடையவை. அவை பாரமானவை, காருக்குரிய டயர் சுமக்கும் அதே பாரத்தைச் சுமப்பதற்குச் சற்றுக் கூடுதலான காற்றையும் வேண்டுபவை. பக்கச்சுவரிலே உற்பத்தி நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்ற நான்கு இலக்கம், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தைக் குறிக்கும். பல ஆண்டுகள் கடையிலே கிடந்த டயர் புதிதாகத் தோன்றினும் இறப்பர் முதுமையடைந்திருக்கும். தேய்ந்த டயரைப் பொறுத்தவரை, வெட்டின் ஆழம் 1.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அதனுடன் வீதியில் ஓடுதலாகாது என்பது அவுஸ்திரேலிய விதி. அஃது இறுதி எல்லையே. சேற்றிலும் மழையிலும் செல்வோர் அதுவரை காத்திருத்தல் அறிவுடைமையன்று.

இவ்வளவும் கேட்டபின், சட்டத்தின் எல்லைக்குள் அடங்கிய டயருடன் மணற்குன்றில் ஏறமுடியுமா என்ற ஐயம் எழலாம். அவ்வையத்தைப் போக்கும் வரலாறு ஒன்று உண்டு. றால்ப் பக்னோல்ட் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி, 1920களின் இறுதியிலும் 1930களிலும் எகிப்து, லிபியா நாடுகளின் பாலைவனங்களிலே சாதாரண ஃபோர்ட் கார்களைச் செலுத்தினார். அக்கார்கள் நான்கு சில்லு இயக்கமும் அற்றவை. கடக்கமுடியாதவை என்று கருதப்பட்ட மணற்குன்றுகளை அவர் கடந்தார். அவர் கையாண்ட உபாயங்களில் முக்கியமான ஒன்று டயரின் காற்றைக் குறைத்தல். காற்றுக் குறைந்த டயர் நிலத்திலே நீளமாகப் படியும். பாரம் பரந்து விழும். மணலைத் தோண்டாமல் அதன்மேல் மிதந்து செல்லும். மணலின் இயல்பை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் அறிவியலாளர் போற்றும் நூலாய் விளங்குகிறது.

இன்றும் அதுவே வழி. தார் வீதியிலே சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல் அமுக்கமுள்ள டயரை, மென்மணலில் இறங்கும்போது 16 அல்லது 18 இறாத்தல் வரை இறக்குவது அங்குள்ளோர் வழக்கம். சரளைப் பாதைக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவு பொருந்தும். ஏழு மில்லிமீற்றர் உயர்வுக்காகப் பெரும்பணம் செலவிடுவதிலும், ஓர் அமுக்கமானியும் காற்றடிக்கும் கருவியும் வாங்குதல் பயன் மிக்கது. ஆயினும் இங்கேயும் எச்சரிக்கை வேண்டும். காற்றுக் குறைந்த டயர் அதிக பாரத்தையோ வேகத்தையோ தாங்காது. மடிந்து மடிந்து சூடேறும். திருப்பத்தில் றிம்மைவிட்டுக் கழன்றுவிடவும் கூடும். ஆதலின் மெல்ல ஓட்டவேண்டும். தார் வீதிக்குத் திரும்புமுன் பழைய அளவுக்குக் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

தார் முடியுமிடத்திலே சட்டமும் முடிந்துவிடுகிறது என்று எண்ணுவோர் உளர். குவீன்ஸ்லாந்து மாநிலத்திலே முன்பு ஃபிறேசர் தீவு எனப்பட்டு, 2023ஆம் ஆண்டு முதல் கரி என்னும் பழம்பெயரை மீண்டும் பெற்ற தீவு ஒன்று உண்டு. அதன் 75 மைல் கடற்கரையே அங்கு வீதி. கடலலை ஒருபுறம் வந்து மோத, ஈரமணலிலே ஊர்திகள் ஓடுகின்றன. அங்கேயும் வீதிச் சட்டம் உண்டு. மணிக்கு 80 கிலோமீற்றர் என்னும் வேக எல்லை உண்டு. பொலிஸார் ஊர்திகளை நிறுத்திச் சோதிப்பதும் உண்டு. பிறர் வரக்கூடிய இடமெல்லாம் வீதியே. வீதியெங்கும் சட்டம் உண்டு.

சட்டத்தை மீறிய டயருடன் அகப்பட்டால் தண்டம் கட்டலாம், குறையைத் திருத்துமாறு கட்டளை பெறலாம். இவை சிறியவை. விபத்து நேர்ந்து, ஊர்தி விதிக்கு மாறாக மாற்றப்பட்டிருந்தது என்று காணப்பட்டால், காப்புறுதி நிறுவனம் இழப்பீடு கொடுக்க மறுக்கலாம். அப்போது இரு குடும்பங்கள் இடர்ப்படும்: ஒன்று, ஊர்தியை ஓட்டியவரின் குடும்பம், மற்றது, எதிரே வந்தவரின் குடும்பம். நாலரை மில்லிமீற்றர் எவ்வளவு சிறியது என்று கேட்ட மகனுக்கு விடை இங்கே இருக்கிறது. எல்லை என்று ஒன்று வைத்தால் அஃது ஓரிடத்திலே நின்றாகவேண்டும். இவ்வளவிற்கு மேற்பட்ட மாற்றம் உண்மையிலே தேவைப்படுவோர்க்கும் வழி அடைக்கப்படவில்லை. அங்கீகாரம் பெற்ற பொறியியலாளரிடம் ஊர்தியைக் காட்டி, அவர் கேட்கும் சோதனைகளையும் மாற்றங்களையும் செய்து, சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். அதற்கு முயற்சி வேண்டும், பணமும் வேண்டும்; ஆயினும் அதுவே நேர்வழி.

உதிரிச் சில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நான்கு டயர்களைப் புதிதாகப் பெரிய அளவில் வாங்கி, ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவோர் பலர். நான்கு சில்லுகளும் ஒருங்கே இயங்கும் ஊர்தியில் ஒன்று மாத்திரம் சிறிதானால், அது மற்றவற்றிலும் விரைவாகச் சுற்றும். உள்ளேயுள்ள பற்சில்லுகள் ஒன்றோடொன்று போராடித் தேயும். ஒரே அச்சிலுள்ள இரு டயர்கள் ஒத்த அளவும் அமைப்பும் உடையனவாக இருத்தல் வேண்டுமென்பதை விதியும் வற்புறுத்துகிறது. ஆகவே வாங்கவேண்டியவை ஐந்து, நான்கல்ல.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின், சில்லும் டயரும் தெரியும் முறை இவ்வாறு அமையும். முதலில் கதவோரத் தகட்டை வாசித்தல். அடுத்து, ஊர்தி செல்லும் வழிகளை உள்ளவாறு கணக்கிடல். மூன்றாவது, ஏற்றும் பாரத்தை நிறுத்தறிதல். நான்காவது, விட்டமும் அகலமும் ஒப்செற்றும் விதிக்கு அடங்குகின்றனவா என்று காகிதத்திலே கணித்தல். அதன்பின்னரே கடைக்குச் செல்லல். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிக் கடையிலே தொடங்குவோர் பெரும்பாலும் தகட்டைக் கடைசியிலேயே வாசிக்கின்றனர். சிலர் விபத்துக்குப் பின்னரே வாசிக்கின்றனர்.

இங்கே கூறிய எல்லைகள் அவுஸ்திரேலியாவுக்குரியவை. பிற நாடுகளிலே எண்கள் வேறுபடும். ஆதலின் அந்தந்த நாட்டின் மோட்டார் ஊர்தித் திணைக்களத்தாரிடம் கேட்டறிதல் வேண்டும். ஆனால் டயரின் பக்கச்சுவரிலே பொறித்த எழுத்துகளின் பொருள் எந்நாட்டிலும் ஒன்றே. இறப்பரின் இயல்பும் ஒன்றே. பாரத்தின் இயல்பும் ஒன்றே.

நீண்ட வழி சென்றவர் யாவரும் அறிந்த ஓர் உண்மை உண்டு. பாலைவனத்தின் நடுவே, மாலை மங்கும் நேரத்தில், அடுத்த ஊர் நூறு கல்லுக்கு அப்பால் இருக்கையில், ஊர்தியிலுள்ள அனைவரின் உயிரும் நான்கு உள்ளங்கை அகலமான இறப்பரின்மீது தங்கியிருக்கிறது. ஊர்தியும் நிலமும் ஒன்றையொன்று தொடுவது அவ்வளவிலேதான். கடையிலே நின்ற ஒரு நாழிகையில் ஆசைக்கு இடங்கொடாமல் அளந்து தெரிந்தவரின் பிள்ளைகள், அந்நேரத்திலே பின் ஆசனத்தில் அமைதியாக உறங்கலாம்.